நஸீமின் முகத்துக்கு ஏற்ற ஜெலட்டின்

மினா, திரிப்போலி
1984 ஜூன் 12

அன்புள்ள அராக்ஸி அக்கா,

நாலு வருஷமாக நான் உனக்கு எழுதவில்லை. நீயும் எழுதவில்லை. இந்த ஒற்றுமையை யாராவது ஒருவர் கெடுக்க வேண்டும், நானே கெடுக்கிறேன். காரணம் பாசம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். காரணம் பயம்.

அபூ நஸீம் என்று ஒருவர். நீ அலெக்ஸாண்ட்ரியாவுக்குப் போன பிறகு இந்தச் சண்டைக் காலத்தில் தலையெடுத்தவர். துறைமுகமும் அதை ஒட்டிய எட்டுத் தெருக்களும் அவருடையவை. எப்படி அவருடையவை ஆயின என்று கேட்கக்கூடியவர்கள் இப்போது இங்கே இல்லை. போன அக்டோபரில் அவர் மகன் நஸீம் காரோடு எரிந்து போனான். இருபது வயது. இங்கே தகப்பனை மகன் பெயரால்தானே கூப்பிடுவார்கள்? ஆகவே நாள் முழுக்க எல்லோரும் அவரை 'நஸீமின் அப்பா' என்கிறார்கள். ஒவ்வொரு முறையும் அவர் கண் ஒரு தடவை மூடித் திறக்கிறது. வேறு பெயரால் கூப்பிட யாருக்கும் தைரியம் இல்லை.

கடற்கரைச் சுவர் முழுக்க மகனுடைய போஸ்டரை ஒட்டியிருந்தார். உப்புக்காற்று, வெயில். மூன்று மாதத்தில் உதடு வெளுத்தது, ஆறு மாதத்தில் கண் போயிற்று. ஸ்டுடியோவுக்கு வந்து, "உஸ்தாத், என் பையன் திரும்பவும் செத்துக்கிட்டிருக்கான்" என்றார். அப்போது நான் ஆறுதல் சொல்லிவிட்டு வாயை மூடியிருக்கலாம்.

"மங்காத படம் ஒண்ணு இருக்கு. இருநூறு வருஷம் நிக்கும்" என்றேன்.

"நீ செய்வியா?"

"செய்வேன்."

"மங்கினா?"

"மங்காது, அபூ நஸீம்."

"மங்கினா யார் வீட்டுக்கு வரணும்னு எனக்குத் தெரியும்" என்று என் தோளைத் தட்டிவிட்டுப் போனார். அன்பாகத்தான் தட்டினார். அன்று இரவிலிருந்து அந்தத் தோளைக் கீழே வைத்துப் படுக்க முடியவில்லை.

நான் சொன்னது அப்பாவின் பழைய முறையை. புகைக்கரியை ஜெலட்டினில் கலந்து தாளில் பூசி, ஆரஞ்சு உப்பில் நனைத்து, நெகடிவுக்கு அடியில் வெயிலில் வைத்து, பிறகு வெந்நீரில் கழுவுவது. வெளிச்சம் பட்ட இடம் இறுகி நிற்கும், படாத இடம் கரைந்து ஓடும். கரிக்கு மங்கத் தெரியாது. இதெல்லாம் எனக்குத் தெரியும். செய்யத்தான் தெரியாது. உள்ளே நின்று செய்தவள் நீ. நான் வெளியே நின்று 'சிரிங்க' என்று சொன்னவன்.

மிட்டாய்க் கடை ஜெலட்டினில் மூன்று தடவை முயன்றேன். குழாய்த் தண்ணீரே முப்பது டிகிரி, மின்சாரம் நாலு மணி நேரம். மூன்றாவது தடவை நெற்றி வரை நன்றாக வந்தது. பிறகு கன்னம் மெல்ல நகர்ந்து தொட்டிக்குள் இறங்கிவிட்டது. அந்த முகம் நழுவி விழுவதைப் பார்த்த ஒரே சாட்சி நான். இந்த ஊரில் அப்படி ஒரு சாட்சியாக இருப்பது உடம்புக்கு நல்லதல்ல.

எந்த ஜெலட்டின் எடுப்பது? சொல்.

உன் தம்பி,
பார்கேவ்


அலெக்ஸாண்ட்ரியா
1984 ஜூன் 28

பார்கேவ்,

ஸ்டுடியோ பலகையில் இன்னும் உன் பெயர் மட்டும்தானே இருக்கிறது? சும்மா கேட்டேன். ஒன்பது வருஷம் இருட்டறையில் நின்றவளுக்கு இப்படிச் சின்னச் சின்ன ஆர்வங்கள் உண்டு. அப்பா உனக்குக் கடையைக் கொடுத்தார். எனக்குக் கைவிரல் நகத்தில் மஞ்சள் கறையைக் கொடுத்தார். கறை போய்விட்டது. இப்போது நான் ஜெலட்டின் தொழிற்சாலையின் பரிசோதனைக்கூடத்தில் ஏழு பேருக்கு மேற்பார்வை. அங்கே யாரும் யாரையும் சிரிக்கச் சொல்வதில்லை.

சரி, கேள். மிட்டாய்க் கடைக்காரனுக்கு வாயில் கரையும் ஜெலட்டின் வேண்டும். உனக்குக் கரையாதது வேண்டும். உங்கள் தண்ணீரில் மெத்தென்ற ஜெலட்டின் நிற்காது. அதற்காக மிகவும் கடினமானதையும் எடுக்காதே. கழுவ வெந்நீர் போதாமல் போகும், குளிர்காலத்தில் காய்ந்து வெடிக்கும். பையன் முகத்தில் விரிசல் விழும். அதை நீ அவருக்கு எப்படி விளக்குவாய் என்று பார்க்க நான் அங்கே இல்லை.

கையில் கிடைத்ததை இப்படிப் பார். ஆறு பங்கு பொடி, நூறு பங்கு தண்ணீர். கரைத்து, கிணற்று நீரில் ஒரு பகல் வைத்து, உறைந்ததும் விரலால் அழுத்து. காது மடல் போல இருந்தால் மிட்டாய்க்கு. மூக்கு நுனி போல இருந்தால் உனக்கு. முழங்கை போல இருந்தால் யாராவது ஒரு தச்சனுக்குப் பசையாகக் கொடு. பிறகு வெளிச்சத்தில் தூக்கிப் பார். மஞ்சள் அடித்தால் பரவாயில்லை, கலங்கலாக இருந்தால் வேண்டாம்.

இன்னொன்று, எந்த விலங்கு என்று கேள். மாட்டுத் தோல், மாட்டெலும்பு, மீன், பன்றி, எல்லாவற்றிலிருந்தும் இது வரும். நான் இதைக் கடைசியில் எழுதுகிறேன். நீ இருக்கும் ஊரில் முதலில் கேள்.

என்னால் அனுப்ப முடியாது. நம் இரண்டு ஊருக்கும் நடுவே சரக்குக் கப்பல் ஓட்டும் கேப்டன் ஸ்டாமாத்தியிடம் கேட்டேன். "அம்மா, உங்க தம்பி ஊர் துறைமுகத்துல அஞ்சு கிலோ வெள்ளைப் பொடியோட இறங்கி, இது போட்டோவுக்குன்னு சொல்ற வயசு எனக்குத் தாண்டிப் போச்சு" என்றார். கடிதம் மட்டும் கொண்டுவருவாராம்.

அராக்ஸி


மினா
1984 ஜூலை 21

அன்புள்ள அக்கா,

வெற்றி! மேட்டுத்தெரு வெளிநாட்டுப் பள்ளிக்கூடத்தில் புகைப்படச் சங்கத்துக்கு ஓர் அறை இருந்ததே, நினைவிருக்கிறதா? கூரை இல்லை. ஆசிரியர்கள் போய் ஒன்பது வருஷம் ஆகிறது. அலமாரிக்குள் ஒரு தகர டப்பா மட்டும் அசையாமல் உட்கார்ந்திருந்தது. ஈரத்தில் தாள் உரிந்து, 'ஜெலட்டின் 250' என்பது மட்டும் மிச்சம். கரைத்து அழுத்திப் பார்த்தேன். மூக்கு நுனி. என் மூக்கு நுனியையும் தொட்டு ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டேன். கண்ணாடி போலத் தெளிவு, வாசமே இல்லை.

ஜூலை பதினாலாம் தேதி படம் வந்தது. அக்கா, கண் இமை ஒவ்வொன்றும் தனித்தனியாக நின்றது. கன்னம் கன்னத்தின் இடத்தில் இருந்தது. அபூ நஸீம் வந்து பார்த்தார். கண்ணாடிச் சட்டம் போடட்டுமா என்று கேட்டேன்.

"எனக்கும் அவனுக்கும் நடுவுல கண்ணாடியா?" என்றார். பிறகு அப்படியே எடுத்து, பையனின் நெற்றியில் முத்தம் கொடுத்தார். கூட வந்த துப்பாக்கிக்காரர்கள் நாலு பேரும் தங்கள் பூட்ஸைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். இப்போது தினமும் விடியற்காலைத் தொழுகை முடிந்ததும், வெளியே கிளம்புமுன் ஒரு முத்தம். படத்தைக் கோட்டின் உள்பையில் வைத்திருக்கிறார்.

அக்டோபர் ஏழாம் தேதி ஒரு வருஷம் நிறைகிறது. அதற்குள் இன்னும் ஆறு படம் வேண்டுமாம். பையனின் அம்மாவுக்கு ஒன்று, புதிதாகத் திறக்கப்போகும் பள்ளிக்கூடத்துக்கு ஒன்று, இப்படி. டப்பா காலி. கடைசி ஒரு ஸ்பூனை மடித்து இதனுள் வைத்திருக்கிறேன். என்ன சரக்கு என்று பார்த்து, இதே மாதிரி எங்கே கிடைக்கும் என்று சொல். விலங்கின் பெயர் டப்பாவில் இல்லை. ஜெலட்டின் ஜெலட்டின்தானே.

இனிமேல் கடிதங்களைத் துறைமுகக் கமிட்டி அலுவலகத்தின் விலாசத்துக்கே எழுது. அங்கே இருப்பவர்கள் மிகவும் கண்ணியமானவர்கள். பிறர் கடிதத்தைப் பிரிக்கவே மாட்டார்கள். இதையும் அவர்களிடம்தான் கொடுக்கப் போகிறேன். பொடியைக் காட்டினேன். ஒருவர் நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, "ஒண்ணும் இல்லை, போகலாம்" என்றார். எவ்வளவு நல்லவர்கள்!

பார்கேவ்


அலெக்ஸாண்ட்ரியா
1984 ஆகஸ்ட் 9

பார்கேவ்,

உட்கார்ந்துகொண்டு படி. ஸ்டுடியோவில் ஆள் இருந்தால் போகும்வரை காத்திரு.

நீ அனுப்பியது பன்றித் தோல்.

மாட்டு ஜெலட்டினைச் சுண்ணாம்பில் ஊறவைத்து எடுப்பார்கள், பன்றித் தோலை அமிலத்தில். கரைசலை அமிலத்திலிருந்து காரத்துக்குச் சொட்டுச் சொட்டாக நகர்த்தினால் ஓர் இடத்தில் பால் மாதிரி கலங்கும். மாடு பி.எச். ஐந்தில் கலங்கும். உன்னுடையது ஒன்பதில் கலங்கியது. தவறாக இருக்கட்டும் என்று மூன்று தடவை செய்தேன். உனக்காக நான் இதுவரை எதையும் மூன்று தடவை செய்ததில்லை.

'ஜெலட்டின் ஜெலட்டின்தானே.' அந்த வரியைப் பரிசோதனைக்கூடத்தில் எல்லோருக்கும் படித்துக் காட்டலாமா என்று பார்த்தேன். அப்பா கடையை உனக்குக் கொடுத்தபோது அம்மா சொன்னாள்: "இவன் வெளியில நல்லா பேசுவான், உள்ளுக்குள்ள என்ன இருக்குன்னு பார்க்க மாட்டான்." நான் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். ஒன்றும் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன். அந்த மனிதர் தொழுதுவிட்டு வந்து தினமும் உதட்டை வைப்பது எதன் மேல் என்று யோசித்துப் பார்.

யாரிடமும் சொல்லாதே. அவரிடம் எதையாவது சொல்லிப் படத்தைத் திருப்பி வாங்கு. வாங்க முடியாவிட்டால் ஸ்டுடியோவைப் பூட்டிவிட்டு இங்கே வா. இந்தக் கடிதத்தை எரித்துவிடு.

அராக்ஸி


மினா
1984 ஆகஸ்ட் 18

அக்கா,

இதைக் கேப்டனின் சட்டைக்குள் வைத்து அனுப்புகிறேன்.

நேற்றுக் கப்பல் வந்தது. சோப்புக்காரருக்குக் கடிதம் வந்தது, வலைக்காரருக்கு இரண்டு வந்தன. எனக்கு இல்லை என்றார்கள். கேப்டனைப் படகுத்துறையில் பிடித்துக் கேட்டேன். "உங்க அக்கா கடிதத்தை நானே அலுவலகத்துல கொடுத்தேனே" என்கிறார். திரும்பப் போய்க் கேட்டேன். அந்த நாக்குக்காரர் என்னை உட்காரச் சொல்லிக் காபி கொடுத்தார். ஏலக்காய் போட்ட காபி. அந்த அலுவலகத்தில் எனக்கு யாரும் காபி கொடுத்ததில்லை.

அக்கா, கடிதத்தைப் பிரிக்கவே மாட்டார்கள் என்று நான் எழுதினேனே, பிரிக்காத ஊரில் யாராவது அப்படி எழுதுவார்களா? அவர்கள் பக்கத்தில் நின்று, எழுதியதை அரபியில் சொல்லச் சொல்லிக் கேட்டார்கள், அதனால் எழுதினேன். உனக்குப் புரிந்துவிடும் என்று நினைத்தேன். கெட்டிக்காரி நீதானே.

என்ன எழுதினாய்? ஒரு ஆறுதல், நம் எழுத்தை இங்கே படிக்கத் தெரிந்தவர்கள் குறைவு. நம் பாதிரியார் பெய்ரூட்டுக்குப் போய்விட்டார். பல் டாக்டர் ஹாகோப் கனடாவுக்கு. மினாவில் அர்மேனியன் படிக்கத் தெரிந்தவர்களை எண்ணினேன். என்னையும் சேர்த்து ஒருவர். ஆனால் வேறு ஊரிலிருந்து ஆளைக் கூட்டிவர அவர்களுக்கு எவ்வளவு நேரம் ஆகும்?

கதவை யாரோ தட்டுகிறார்கள். இல்லை, காற்று.

பார்கேவ்


அலெக்ஸாண்ட்ரியா
1984 ஆகஸ்ட் 27

தம்பி,

கேப்டன் இதை உன் கையில் மட்டும்தான் கொடுப்பார். சத்தியம் வாங்கியிருக்கிறேன்.

நான் எல்லாவற்றையும் எழுதினேன். எந்த விலங்கு என்பதை முதல் வரிக்கு அடுத்த வரியிலேயே எழுதினேன். பன்றி. உன் டப்பாவில் இருந்தது பன்றித் தோல். அவர் தினமும் முத்தம் கொடுப்பதையும் எழுதினேன்.

இதற்குள் நீ கிளம்பியிருந்தால் நல்லது. கிளம்பாவிட்டால் இந்தக் கப்பலிலேயே ஏறு. கேமராவை எடுக்காதே, பெட்டியை எடுக்காதே.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்தக் கடிதத்தைச் சுருக்கமாக எழுதியிருக்கலாம். 'அந்தச் சரக்கு சரியில்லை, படத்தைத் திருப்பி வாங்கு' என்றால் போதும். ஆனால் நீ தப்பு செய்தாய் என்பதை விளக்கமாக எழுத எனக்குச் சந்தோஷமாக இருந்தது. நாலு வருஷச் சந்தோஷம். ஒன்பதில் கலங்கியது என்றெல்லாம் எதற்கு எழுதினேன்? உன் முகம் எப்படிப் போகும் என்று நினைத்துக்கொண்டே எழுதினேன். இப்போது அந்த முகம்தான் கண்ணை மூடினால் வருகிறது.

வந்துவிடு.

அராக்ஸி


மினா
1984 செப்டம்பர் 13, வியாழன்

அன்புள்ள அக்கா,

உயிரோடு இருக்கிறேன். உன் ஆகஸ்ட் 27 கடிதம் கேப்டன் கையிலிருந்து வந்தபோது விஷயம் நடந்து முடிந்திருந்தது. நிதானமாக எழுதுகிறேன். இன்று எனக்கு நேரம் இருக்கிறது.

ஆகஸ்ட் முப்பதாம் தேதி பகல் பன்னிரண்டு மணிக்கு அபூ நஸீம் வந்தார். ஆட்களை வெளியே நிற்கச் சொல்லிவிட்டுக் கதவைத் தானே சாத்தினார். உன் கடிதத்தை மேஜை மேல் வைத்தார். உறை கிழிந்திருந்தது.

"ஒருத்தன் இதைப் படிச்சுட்டான். இப்ப நீ படி. நீ என்ன படிக்கிறேன்னு நான் பார்க்கணும்" என்றார்.

வானிலை, அக்காவின் மூட்டுவலி, தொழிற்சாலையில் விடுமுறை என்று என்னவெல்லாமோ தயாராக வைத்திருந்தேன். ஒன்றும் வாயில் வரவில்லை. படித்தேன். இரண்டாவது வரியில் அந்த வார்த்தையையும் அரபியில் அப்படியே சொன்னேன். சுண்ணாம்பு, அமிலம், ஐந்து, ஒன்பது எல்லாம் படித்தேன். ஒன்பது வந்தபோது தண்ணீர் குடித்தேன். அம்மா என்னைப் பற்றிச் சொன்னதையும் விடாமல் படித்தேன். உதட்டை வைப்பது எதன் மேல் என்ற வரியைப் படித்தேன். எரித்துவிடு என்பது வரை படித்துவிட்டுக் கைகளை மேஜை மேல் வைத்தேன். எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

கடிதத்தைத் தன் பக்கம் இழுத்து மடித்தபடி, "யாரும் படிக்கல, உஸ்தாத்" என்றார். "உங்க எழுத்தை இந்த ஊர்ல எவன் படிப்பான்? பையன்க கொண்டுவந்தாங்க, ஒண்ணும் புரியல. உன்கிட்டயே கேட்டுடலாம்னு வந்தேன்."

அக்கா, நான் வானிலையையே படித்திருக்கலாம்.

கோட்டிலிருந்து படத்தை எடுத்து மேஜையில் வைத்தார். புறங்கையால் வாயைத் துடைத்தார். பிறகு புறங்கையைப் பார்த்தார்.

"எத்தனை பேருக்குத் தெரியும்?"

"மூணு பேருக்கு. எங்க அக்காவைச் சேர்த்து."

"அவங்க எகிப்துல. அப்ப இங்க ரெண்டு" என்று சொல்லி என்னைப் பார்த்தார். இரண்டிலிருந்து ஒன்றைக் கழிப்பது அவருக்குக் கஷ்டமான கணக்கு இல்லை. 

"பள்ளிவாசல் ஷேக்கிட்ட கேட்கலாமா?" என்று நானே கேட்டேன். எனக்கே என் குரல் புதிதாக இருந்தது.

"என்னன்னு கேட்கிறது? 'ஒருத்தன் இப்படிப் பண்ணிட்டான்'னு ஆரம்பிச்சா, 'யாரு அந்த ஒருத்தன்'னு கேட்பார். கேட்கலைன்னா இன்னும் மோசம். அவருக்குத் தெரிஞ்சிடுச்சுன்னு அர்த்தம்." பிறகு, "எரிச்சிடு" என்றார்.

தீக்குச்சியைக் கிழித்துப் படத்தின் ஓரத்துக்குக் கொண்டுபோனேன். மணிக்கட்டைப் பிடித்துவிட்டார். குச்சி என் விரல் வரை எரிந்து அணைந்தது. 

"ஒரு தடவை எரிஞ்சிட்டான்" என்றார். "போதும்."

ஏற்பாடு இதுதான். படம் என் வீட்டில் இருக்கும். "நீங்க கிறிஸ்தவங்க, உங்க வீட்டுல இருந்தா யாரும் எதுவும் கேட்க மாட்டாங்க" என்றார். வியாழக்கிழமை தோறும் அவர் வந்து பார்ப்பார். அக்டோபர் ஏழுக்குள் மாட்டு ஜெலட்டினில் ஏழு படம் செய்து தர வேண்டும். தந்த பிறகு? அதை அவர் சொல்லவில்லை. நான் கேட்கவில்லை. ஏழாவது படத்தைக் கொடுத்த பிறகு இந்த ஊரில் என்னால் யாருக்கும் ஒரு பயனும் இல்லை, அக்கா. ஒரு ரகசியம் மட்டும்தான் என்னிடம் மிச்சம் இருக்கும்.

இன்று அதற்குப் பிறகு இரண்டாவது வியாழன். இதை எழுதும்போது அவர் எதிரே உட்கார்ந்திருக்கிறார். நாற்காலியைச் சுவரிலுள்ள படத்துக்கு முன்னால் போட்டு, இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டிருக்கிறார், தொட்டுவிடக் கூடாதென்று. வந்தவுடன் சொன்னேன், "ஜெலட்டினைக் கடிதத்துல எழுதி வரவழைச்சா திரும்பவும் தப்பு வரும், அபூ நஸீம். தொழிற்சாலைக்கே போய், கண்ணால பார்த்து, விரலால அழுத்திப் பார்த்துத்தான் எடுக்கணும்." யோசித்தார்.

"போ. அடுத்த கப்பல்ல போய் அதே கப்பல்ல வா. சீட்டு எழுதித் தரேன்" என்றார். "உன்னை நம்பலாம். பொய் சொல்ல வாய்ப்பு இருந்தும் சொல்லாதவன் நீ ஒருத்தன்தான்."

எனக்கு அழுகை வந்தது. பயத்தில் எனக்கு உண்மைதான் முந்திக்கொண்டு வந்தது என்பதை அவரிடம் எப்படிச் சொல்வேன்?

இப்போது கவனமாகக் கேள். நான் திரும்பி வரமாட்டேன். நஸீமின் நெகடிவைச் சட்டைகளுக்கு நடுவில் வைத்துக் கொண்டுவருகிறேன். உன் இருட்டறைக்குப் பழைய போர்வைகளைத் தேடி வை. ஏழு படங்களையும் நாம் இருவரும் அங்கே செய்வோம், உன் மாட்டில், உன் கையால். நான் தொட்டியைப் பிடித்துக்கொள்கிறேன். ஒவ்வொன்றின் பின்னாலும் உன் பெயரை எழுதுவோம். கேப்டன் கொண்டுவந்து கொடுக்கட்டும். அந்த மனிதருக்கு மகனுடைய முகம் போய்ச் சேர வேண்டும். என் முகம் போதும், அவர் பார்த்தது. சுவரில் இருப்பதை நான் தொடப் போவதில்லை. சாவியைக் கதவிலேயே விட்டுவிட்டு வருகிறேன்.

"என்ன எழுதினே, படி" என்கிறார்.

படித்தேன்: "அக்கா, மாட்டுத் தோல் ஜெலட்டின் ஐந்து கிலோ, நடுத்தரக் கடினம், மூன்று மாதிரி எடுத்து வை. நானே வந்து தேர்ந்தெடுக்கிறேன்."

பக்கங்களை எட்டிப் பார்த்தார். "இதுக்கா இவ்வளவு பக்கம்?"

"எங்க மொழி கொஞ்சம் நீளம், அபூ நஸீம்."

தலையாட்டினார். நாளை வரும் கப்பலில் கேப்டனிடம் தானே கொடுப்பதாகக் கை நீட்டுகிறார். உறையை ஒட்டட்டுமா என்று கேட்டேன். "உன்னோடதை ஒட்டிக்க, நான் பிரிக்க மாட்டேன்" என்கிறார். இந்தத் தடவை அது நிஜம்தான் என்று நினைக்கிறேன்.

பார்கேவ்